வேலைத்தலப் பக்கம்: எந்த வாளி, எந்தப் பூச்சு?

போன இதழில் இரவு வேலைக்காரரின் நித்திரை பற்றி எழுதியதற்கு ஆறு கடிதங்கள் வந்தன. ஐந்து நித்திரை பற்றியவை. ஆறாவது வேறு விசயம். எழுதியவர் ஒரு சகோதரி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. அவரும் ஜேர்மனியில்தான் இருக்கிறார். மூன்று மாதமாக ஒரு மட்பாண்டத் தொழிற்சாலையில் வேலை. ஆறுமாத ஒப்பந்தம். கோப்பைகளைப் பூச்சு வாளிக்குள் தோய்த்தெடுத்துப் பலகையில் அடுக்குவது அவருடைய வேலை. கடிதத்தில் முக்கியமான இடத்தை அப்படியே தருகிறேன்.

"அண்ணா, எங்கடை இடத்திலை பதினொரு வாளி நிக்குது. அதிலை ஐஞ்சு வெள்ளை. ரெண்டு ரோஸ். சூளைக்குள்ளை போய் வந்தால்தான் எது எதெண்டு தெரியுது. மற்ற ஆக்கள் பாத்த உடனை சொல்லுகினம். எனக்கு ஏலாமல் கிடக்கு. ஒவ்வொரு தரமும் கேக்க வெக்கமாயும் இருக்கு, பாசையும் சரியா வராது. ஒப்பந்தத்தை நீட்டுவினமோ எண்ட பயம் வேறை. ஆரையும் கேக்காமல் கண்டுபிடிக்க ஏதும் வழி இருக்கோ?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. நானும் இதே வேலைதான், கோப்லென்ஸ் நகருக்குப் பக்கத்தில் வெஸ்ரர்வால்ட் பிரதேசத்தில், எட்டாவது வருடம். பள்ளிக்கூடப் படிப்பு ஓ.எல். சோதனையோடு நின்றுபோனது. இரசாயனம் படித்தவனில்லை. கை பழகித் தெரிந்ததையும், வேலைத்தலத்தில் மூத்தவர்களைக் கேட்டுத் தெரிந்ததையும்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்த்த உடனே சொல்லுகிற அந்த ஆட்கள் பூச்சைப் பார்த்துச் சொல்லவில்லை. வாளியைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். கைபிடி உடைந்த வாளி என்றால் இன்னது, சன்னலுக்குக் கீழே நிற்பது என்றால் இன்னது என்று பத்து வருடத்தில் மனப்பாடம். ஒருநாள் இரவு யாராவது இரண்டு வாளியை இடம் மாற்றி வைத்துவிட்டால் அடுத்தநாள் காலையில் அவர்களும் உங்களைப் போலத்தான் நிற்பார்கள். ஆகவே உங்களுக்குக் கண் காணாது என்றோ மூளை மட்டு என்றோ நினைக்க வேண்டாம்.

வேறு வேலை செய்கிற வாசகர்களுக்காக இரண்டு வரி. நாங்கள் ஊரில் சமைத்த சட்டிபானைக்குப் பூச்சு இல்லை. சுட்ட மண் அப்படியே இருக்கும். ஊறுகாய்ச் சாடி, பீங்கான் கோப்பை இவற்றில் கண்ணாடி மாதிரி ஒரு வழவழப்பு இருக்கிறதே, அதைத்தான் இங்கே கிளாசூர் என்பார்கள். நான் பூச்சு என்றே எழுதுகிறேன். அது உண்மையில் கண்ணாடிதான். கல்லையும் களியையும் மாவாக அரைத்துத் தண்ணீரில் கரைத்து வைத்திருப்பார்கள். ஏற்கெனவே ஒருதரம் சுட்ட கோப்பையை அதற்குள் இரண்டு மூன்று செக்கன் தோய்த்தால் கோப்பை தண்ணீரை உறிஞ்சும், மா மேலே படிந்து நிற்கும். பிறகு சூளையில் அந்த மா உருகிக் கண்ணாடியாகிவிடும்.

ஏன் வாளியில் எல்லாமே வெள்ளை என்று கேட்டால், ஒரு போத்தல் ஓட்டை உரலில் போட்டு இடித்துப் பாருங்கள் என்பேன். நிறமில்லாத கண்ணாடி இடிபட்டால் வெள்ளைத் தூள். ஐஸ்கட்டியும் அப்படித்தான், முழுசாக இருக்கும்போது ஊடாகப் பார்க்கலாம், உடைத்தால் வெள்ளை. வெளிச்சம் ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் பட்டுச் சிதறுவதால் வருகிற வெள்ளை அது. சூளையில் மணிகள் உருகி ஒன்றாகிவிட்டால் சிதற விளிம்பு இல்லை, பூச்சு தெளிந்துவிடும். ஆனால் வெள்ளைப் பூச்சு என்று ஒன்றும் இருக்கிறதே, அதற்குள் சிர்க்கோன் என்ற பொருளை நூற்றுக்குப் பத்து அளவில் போட்டிருப்பார்கள். சிலர் வெள்ளீய ஒக்சைட் போடுவார்கள். அது உருகிய கண்ணாடிக்குள்ளும் நன்றாகக் கரையாமல் மெல்லிய மணியாகவே நிற்கும். அதனால் சுட்ட பிறகும் வெள்ளையாகவே இருக்கும். தெளிந்த பூச்சும் வெள்ளைப் பூச்சும் வாளியில் இரட்டைப் பிள்ளைகள். ஆயிரம் தடவை உற்றுப் பார்த்தாலும் பிரிக்க முடியாது.

எங்கள் அம்மாமார் அவித்த கோதம்பை மா எது, அவியாதது எது, உளுத்தம்மா எது என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவார்கள். பூச்சிலும் அப்படி ஒரு கைப்பழக்கம் வரும் என்று நானும் முதல் வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஓரளவுக்கு வரும். ஆனால் உளுத்தம்மாவுக்கு மணம் இருக்கிறது. சிர்க்கோனுக்கு மணமும் இல்லை குணமும் இல்லை.

வெள்ளையைவிடப் பொல்லாதது ரோஸ் வாளி. ரோஸ் நிறத்தில் நிற்கிற வாளிக்குள் என்னென்ன இருக்கலாம் என்று பாருங்கள். செவ்விரும்பு ஒக்சைட் கொஞ்சம் போட்ட பூச்சு ரோஸாக இருக்கும். அதே பூச்சு, காற்று நன்றாகக் கிடைக்கிற மின்சூளையில் இளம் தேன் நிறமாக வரும். காற்றைக் குறைத்துப் புகையோடு எரிக்கிற வாயுச் சூளையில், இரும்பு நூற்றுக்கு ஒன்று இரண்டு மட்டுமென்றால், இளம்பச்சையாக வரும். சீனத்திலும் கொரியாவிலும் பெயர்பெற்ற அந்தப் பச்சைப் பாத்திரங்களின் நிறம் இந்த இரும்பினால் வந்ததுதான். மங்கனீஸ் காபனேற் போட்டதும் வாளியில் வெளிறிய ரோஸாக நிற்கும், சுட்டால் மண்ணிறமோ ஊதா கலந்த மண்ணிறமோ. குறோமும் வெள்ளீயமும் சேர்த்துச் சுட்டு அரைத்த நிறத்தூள் போட்டிருந்தால் வாளியிலும் ரோஸ், சுட்டாலும் ரோஸ். கடைசி ஆள்தான் பெரிய ஏமாற்றுக்காரன். வெறும் தெளிந்த பூச்சுக்குள் கேக்குக்குப் போடுகிற மாதிரிச் சாயம் கலந்து விற்கிறார்கள். மற்ற வெள்ளையோடு மாறிப்போகாமல் இருக்கத்தான் அந்தச் சாயம். சூளையில் முதலில் எரிந்து போவது அதுதான், ஒரு அடையாளமும் மிஞ்சாது. ரோஸ் கோப்பை வரும் என்று காத்திருந்தால் நிறமே இல்லாத கோப்பை வரும்.

மற்ற நிறங்களும் இப்படித்தான் வேசம் போடும். கோபால்ற் ஒக்சைட் கறுப்புத் தூள், கோபால்ற் காபனேற் ஊதாச் சாயல், இரண்டும் சுட்டால் நீலம். நூற்றுக்கு ஒன்று போட்டாலே கடும் நீலம் வந்துவிடும். செம்புக் காபனேற் இளம்பச்சைத் தூள். மின்சூளையில் பச்சையாக வரும், புகைச்சூளையில் இரத்தச் சிவப்பாகவும் வரும். குறோம் ஒக்சைட் ஒருவர்தான் கொஞ்சம் நேர்மையானவர், வாளியிலும் பச்சை, பெரும்பாலும் சூளையிலும் பச்சை. ஆனால் வெள்ளீயத்துக்குப் பக்கத்தில் விட்டால் அவரும் ரோஸாக மாறிவிடுவார்.

இனி எங்கள் வேலைத்தலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். இடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். மூன்று வருடத்துக்கு முந்திய கதை. கபில நிறக் களியில் செய்த கோப்பைகள், நானூறுக்கு மேல், உள்பக்கம் வெள்ளையாக வரவேண்டிய ஓடர். காலையில் சூளை திறந்தால் உள்ளே வெள்ளை இல்லை. தெளிந்த பூச்சுக்குள்ளால் கபில மண் பளபளவென்று தெரிகிறது. தோய்த்தவர் எரித்திரியாவில் இருந்து வந்த ஒரு பொடியன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட இல்லை, இன்னும் பரீட்சைக் காலம். மைஸ்ரர் எல்லார் முன்னாலும் கேட்டார். பொடியன் திரும்பத் திரும்ப ஒரே வசனத்தைச் சொன்னான்: "மூடியில் வெள்ளை என்று இருந்தது."

யாரும் நம்பவில்லை. பாசை தெரியாதவன் எழுத்தை எங்கே வாசித்தான் என்று ஒருவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் நிற்கிறது. அகதியாக வந்து வேலை செய்கிற எல்லாருக்கும் அந்தச் சிரிப்பு பழக்கம்தான்.

அவனைக் காப்பாற்றியது அங்கே இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிற ஒரு ஜேர்மன் அம்மா. அவர் சண்டை பிடிக்கவில்லை. சின்னச் சுட்ட ஓடுகள் இரண்டை எடுத்தார். சூளையில் அழியாத கறுப்பு நிறத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு கீறினார். "வெள்ளை" என்ற மூடி போட்ட வாளியில் ஒன்றைத் தோய்த்தார், "தெளிவு" என்ற மூடி போட்ட வாளியில் மற்றதைத் தோய்த்தார். தோய்த்த உடனே இரண்டிலும் கோடு மறைந்துவிட்டது, இரண்டும் ஒரே வெள்ளை. பின்பக்கத்தில் எண் கீறிச் சின்ன மின்சூளையில் இரவு வைத்தார். அடுத்தநாள் மத்தியானம் திறந்தபோது "வெள்ளை" மூடி வாளியில் தோய்த்த ஓட்டில் கறுப்புக் கோடு கண்ணாடிக்குக் கீழே நேராகத் தெரிந்தது. மற்ற ஓட்டில் கோடு வெள்ளைக்குள் புதைந்து கிடந்தது. அதாவது வாளிகளைக் கழுவிய நேரத்தில் யாரோ இரண்டு மூடியையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பெயர் மூடியில் மட்டும்தான் எழுதியிருந்தது. வாளி உடம்பில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

அந்தப் பொடியன் இன்றைக்கும் எங்களோடு வேலை செய்கிறான். சிரித்தவர் மன்னிப்புக் கேட்டதாக நான் காணவில்லை. ஆனால் அந்தக் கிழமையே எல்லா வாளியின் உடம்பிலும் பெயர் ஏறியது.

இனி வழிகளுக்கு வருகிறேன். உங்கள் இடத்தில் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள். மூடியில் மட்டும் என்றால் அது பெயரே இல்லை. வாளி உடம்பில் அழியாத பேனையால், பெயர், சூடு, கரைத்த திகதி மூன்றும் இருக்கவேண்டும். பேனை எழுத்தும் ஈரத்தில் தேய்ந்து போகும். அதனால் நாங்கள் இப்போது சுட்ட ஓட்டுத் துண்டில் ஓட்டை போட்டு வாளிக் கைபிடியில் கம்பியால் கட்டித் தொங்க விட்டிருக்கிறோம். ஓட்டின் ஒரு பாதியில் அந்தப் பூச்சே சுட்டபடி இருக்கும், மறுபாதியில் பெயர் கீறியிருக்கும். பாசை தெரியாத ஆளுக்கும் அந்த ஓடு சொல்லும். இதற்கு ஒரு செலவும் இல்லை. நீங்களாகவே செய்து கட்டினால் யாரும் ஏச மாட்டார்கள், நல்ல பெயர்தான் வரும்.

சூளைக்கு முன்னே சந்தேகப்பட உதவுகிற சில குறிகளும் இருக்கின்றன. உறுதிப்படுத்த அல்ல, சந்தேகப்பட மட்டும். ஈரப் பூச்சை ஈரத்தோடும் காய்ந்ததைக் காய்ந்ததோடும்தான் ஒப்பிடவேண்டும். காய்ந்தால் எல்லாமே வெளிறிவிடும். ஒரு பழைய ஓட்டுத் துண்டில் ஒவ்வொரு வாளியிலும் ஒரு விரல் அகலம் பூசிக் காயவைத்து எண்ணோடு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைகளுக்குள்ளும் ஒன்று கொஞ்சம் சாம்பல், ஒன்று கொஞ்சம் மஞ்சள் என்று சில நேரம் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது நிறை. நூறு மில்லிலீற்றர் தண்ணீர் நூறு கிராம். நூறு மில்லிலீற்றர் பூச்சு நூற்று நாற்பதில் இருந்து நூற்றைம்பது கிராமுக்குள் நிற்கும், அது தோய்க்கிற பூச்சுக்கு வழக்கமான அளவு. வாளியில் 145 என்று எழுதியிருக்க நீங்கள் நிறுக்கும்போது 153 வந்தால், ஒன்றில் தண்ணீர் வற்றியிருக்கிறது, அல்லது வாளி வேறு. எதுவானாலும் தோய்க்கக்கூடாது. ஆனால் நிறை சரியாக இருப்பதால் மட்டும் பூச்சு அதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். எந்தப் பூச்சையும் தண்ணீர் விட்டு 145க்குக் கொண்டுவரலாம்.

மூன்றாவது, வாளியின் அடி. இரவு முழுக்க நின்ற வாளியைக் காலையில் தடியால் கிண்டும்போது கவனியுங்கள். களி கூடிய பூச்சு மெத்தென்று கலங்கிவரும். ஏற்கெனவே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள் கூடியதும் களி குறைந்ததுமான பூச்சு அடியில் சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். தினமும் மெத்தென்று வந்த வாளி ஒருநாள் இறுகிக் கிடந்தால் நின்று யோசிக்கவேண்டும். விரலுக்குள் உரசினால் நறநறப்பும் வழுவழுப்பும் தெரியும். கையுறை போட்டுக்கொண்டே இது விளங்கும்.

இவ்வளவு குறி இருந்தாலும் சத்தியம் சொல்வது சோதனை ஓடு மட்டும்தான். அந்தக் கறுப்புக் கோட்டு ஓடு தெளிவையும் வெள்ளையையும் பிரிக்கும். எவ்வளவு உருகி ஓடுகிற பூச்சு என்று பார்க்க, காய்ந்த பூச்சை நெல்லிக்காய் அளவு உருண்டையாக்கிச் சாய்ந்த ஓட்டின் மேல் வைத்துச் சுடுவார்கள். ஒன்று மெழுகு மாதிரி வழிந்து கீழே போகும், மற்றது வைத்த இடத்திலேயே குந்திக்கொண்டிருக்கும்.

சூட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை, நிறம் மாறுவதைவிட இதில்தான் நட்டம் கூட. 1050 பாகை செல்சியசுக்கு என்று செய்த பூச்சை 1220 பாகைக்கு ஏற்றினால் கோப்பையை விட்டு வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிவிடும், தட்டும் போய்விடும். 1220க்குரியதை 1050இல் எடுத்தால் உருகாமல் மா மாதிரி வரட்டிக் கிடக்கும். இரண்டும் வாளியில் ஒரே வெள்ளை. இந்தச் சூட்டை அளக்க இங்கே சின்னக் கூம்புகள் வைப்பார்கள், குறித்த சூட்டுக்கு வந்ததும் தலைகுனியும். சேகர் கூம்பு என்று சொல்ல, ஊர்ச் சேகர் யாரோ கண்டுபிடித்ததாக்கும் என்று எனக்கு முதலில் பெரிய பெருமை. பிறகு பார்த்தால் 1886இல் பேர்லினில் ஹேர்மன் சேகர் என்ற ஜேர்மன்காரர் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஓர்ட்டன் என்பவர் வேறு வரிசை செய்தார், எண்கள் இரண்டிலும் சரியாகப் பொருந்தாது. அமெரிக்கப் பூச்சு வாளியில் 06 என்றும் 6 என்றும் எழுதியிருப்பதைக் கண்டால் முன்னால் இருக்கிற பூச்சியத்தைத் தட்டிவிட்டு வாசிக்காதீர்கள். 06 என்றால் சுமார் 1000 பாகை, 6 என்றால் சுமார் 1220 பாகை. ஒரு பூச்சியத்துக்குள் இருநூறு பாகைக்கு மேல் இருக்கிறது.

இந்த வாளிச் சிக்கலே இல்லாத ஒரு முறையும் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் நீலப் பூ எழுதின வெஸ்ரர்வால்ட் சாடிகளைப் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றைப் பூச்சில் தோய்ப்பதில்லை. சூளை 1200 பாகையைத் தாண்டின நேரத்தில் சாதாரண உப்பை உள்ளே எறிவார்கள். உப்பு ஆவியாகி மண்ணோடு சேர்ந்து சாடியின் மேலேயே கண்ணாடியாகப் படியும். நீலம் கோபால்ற் தந்தது. ஹோர்-கிறென்ஸ்ஹவுசன் என்ற ஊரில் இதற்கு ஒரு அரும்பொருட்காட்சியகமே இருக்கிறது. பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம்.

இனி உடம்புக்கு வருகிறேன். கறியின் உப்பைப் பார்க்க உள்ளங்கையில் விட்டு நக்குகிற பழக்கம் எங்களுக்கு இரத்தத்தில் ஊறினது. பூச்சுத் தூளை, எதுவென்று பார்க்க, நாக்கு நுனியில் வைத்த ஒருவரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த வேலை ஒருபோதும் வேண்டாம். சுண்ணக்கல் மாவும் வெள்ளை, பேரியம் காபனேற்றும் வெள்ளை. முதலாவது சோக்கட்டி. இரண்டாவது எலிக்கு நஞ்சாக வைத்த சாமான். வினாகிரி விட்டால் பொங்குவது சுண்ணக்கல் என்று சிலர் சொல்லித் தருவார்கள். உண்மைதான், ஆனால் பேரியம் காபனேற்றும் அமிலத்தில் பொங்கும். அதே அளவுப் போத்தலில் பேரியம் கைக்கு நல்ல பாரமாக இருக்கும் என்பது ஒரு குறி. அதையும் நம்பித் தொடாமல், பையில் இருக்கிற பெயரை வாசியுங்கள்.

பேரியம் போட்ட மங்கல் வெள்ளைப் பூச்சு பூச்சாடிக்கு அழகாக இருக்கும். அது ஆள்மாறிச் சாப்பாட்டுக் கோப்பையின் உள்ளே போனால்? புளியும் தேசிக்காயும் பழக்கமான வீடுகள் எங்களுடையவை. சரியாக உருகாத பூச்சில் இருந்து புளிப்பு வேண்டாததை எல்லாம் கரைத்து எடுக்கும். ஐரோப்பாவில் 1984இல் வந்த 84/500 இலக்கச் சட்டம் இதற்காகத்தான் ஒரு சோதனை வைத்தது. நூற்றுக்கு நாலு அசற்றிக் அமிலம், அதாவது கடை வினாகிரியைவிடக் கொஞ்சம் மெல்லியது, 22 பாகையில் 24 மணித்தியாலம் பாத்திரத்துக்குள் நிற்கவேண்டும். கோப்பை மாதிரிப் பாத்திரத்தில் ஒரு லீற்றருக்கு ஈயம் 4 மில்லிகிராமையும் கட்மியம் 0.3 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்று அது எழுதியது. அந்த இரண்டுக்கும்தான் அது எல்லை போட்டது, பேரியத்துக்குப் போடவில்லை. ஆகவே எந்த வாளி உள்பக்கத்துக்கு, எந்த வாளி வெளிப்பக்கத்துக்கு மட்டும் என்பதைத் தெரியாமல் தோய்ப்பது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் தேத்தண்ணீரோடு விளையாடுவது. வீட்டில் சுட்ட கோப்பையில் தேசிக்காய்த் துண்டு ஒன்றை இரவு விட்டுப் பார்க்கலாம். அந்த இடம் நிறம் மாறினால் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். மாறாவிட்டாலும் நல்லதென்று சான்றிதழ் ஆகாது.

தூசு எல்லாருக்கும் பொது. பூச்சுத் தூளில் கல்மா இருக்கிறது, வருடக்கணக்காகச் சுவாசித்தால் நெஞ்சைக் கெடுக்கும். சிந்தினதைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள்.

இனி வெட்கம். சகோதரி, "ஆரையும் கேக்காமல்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. எட்டு வருடம் செய்த நான் இந்தக் கிழமையும் இரண்டு தரம் கேட்டேன். எங்கள் மைஸ்ரரே அந்த ஜேர்மன் அம்மாவைக் கேட்டுத்தான் தோய்ப்பார். அவர் கேட்டால் அது கவனம், நாங்கள் கேட்டால் அது தெரியாத்தனம் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம். மூன்று வசனம் பாடமாக்கிக்கொள்ளுங்கள். "வெல்ஷ கிளாசூர் இஸ்ற் தஸ்?" என்றால் இது எந்தப் பூச்சு. "பிஸ் வீபீல் கிறாட்?" என்றால் எத்தனை பாகை மட்டும். "இன்னன் ஓடர் ஔசன்?" என்றால் உள்ளுக்கோ வெளிக்கோ. பதில் விளங்காவிட்டால் ஒரு துண்டையும் பேனையையும் நீட்டுங்கள், எழுதித் தருவார்கள். அந்தத் துண்டைத் திகதியோடு வைத்திருங்கள். பிறகு ஏதும் பிழைத்தாலும் நீங்கள் கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

இன்னொன்று. ஆபத்தான பொருளோடு வேலை செய்பவருக்கு அதுபற்றிய எழுத்து விளக்கத்தை, அவருக்கு விளங்கக்கூடிய வடிவத்திலும் பாசையிலும் முதலாளி கொடுக்கவேண்டும் என்று ஜேர்மன் சட்டத்திலேயே இருக்கிறது. தற்காலிக ஒப்பந்தக்காரருக்கும் அது உண்டு. மரியாதையாகக் கேட்டால் தருவார்கள். எங்கள் இடத்தில் அதைக் கேட்டு வாங்கின பிறகுதான் எந்த வாளிக்குள் மங்கனீஸ் இருக்கிறது என்று எனக்கே தெரியவந்தது.

உங்கள் பதினொரு வாளியில் பெயரே இல்லாமல் ஒன்று மூலையில் நிற்கிறது, என்ன செய்வது என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதைத் தோய்க்காதீர்கள், தண்ணீர்க் குழாயடியிலும் ஊற்றாதீர்கள். உடம்பில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டு, ஒரு சோதனை ஓடு தோய்த்து, சூளைக்காரரிடம் அடுத்த எரிப்பில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். அந்த ஓடு என்ன நிறத்தில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.